எலுமிச்சை இருக்கா, பாத்துச் சொல்லும்மா!

காலை நேர வானொலி நிகழ்ச்சியில் நேயர்களோடு உணவைப் பற்றிப் பேசும் அங்கம் ஒன்றை நடத்தி வந்தேன். அது நோன்பு மாதம். அன்றைய தலைப்பு பலூடா. உயரமான கண்ணாடிக் குவளை, அடியில் ஊறவைத்த சப்ஜா விதை, மேலே ரோஸ் சிரப், குளிர்ந்த பால், சேமியா, உச்சியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். நாக்கில் எச்சில் ஊற வர்ணித்துவிட்டு, "இது மும்பைக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த பரிசு" என்று ஒரே போடாகப் போட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடைவெளியில் தொலைபேசி மினுங்கியது. பேசியவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவராம்.

"தப்பாச் சொல்லிட்டியேம்மா. அது ஈரான் சாமான். ஷீராஸ்னு ஒரு ஊர்ல நான் சாப்பிட்டிருக்கேன். பாலும் கிடையாது, ஐஸ்கிரீமும் கிடையாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுப்பான். வாயில வச்சா நறுக்நறுக்குன்னு சத்தம் கேக்கும்."

"பலூடாவுல எலுமிச்சையா? பால் திரிஞ்சு போயிடுமே ஐயா" என்றேன்.

"அதான் சொல்றேனே, பாலே கிடையாதுன்னு" என்று சிரித்தார். கப்பல் பழுதாகிப் புஷேர் துறைமுகத்தில் நின்றபோது, கூட வேலை செய்த ஈரானியர் ஒருவர் ஷீராஸில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாராம். கடைசியில் அவர் சொன்னதுதான் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு இப்ப சர்க்கரை. டாக்டர் இனிப்புப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு. நீ என்னைக்காவது அந்தப் பக்கம் போனா, ஒரு வாய் சாப்பிட்டு, இன்னும் எலுமிச்சை இருக்கா, பாத்துச் சொல்லும்மா."

அடுத்த மே மாதம், கல்லூரித் தோழி ஒருத்தியுடன் ஈரானுக்குப் புறப்பட்டேன். பையில் துணிமணியோடு, வேலைக்குப் பயன்படுத்தும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது.

பாலைவனத்தில் ஐஸ் கட்டி

நேராக ஷீராஸுக்குப் போகவில்லை. முதலில் யாஸ்த் நகரம். 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. மண் வீடுகளும், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் உயரமான காற்றுக் கோபுரங்களுமாகப் பார்க்கும் இடமெல்லாம் ஒரே மண் நிறம். இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 60 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நமக்கு ஒரு சாயங்கால மழையில் கிடைப்பது அவர்களுக்கு ஒரு வருஷத்து மழை!

அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் மெய்போத் என்ற சிற்றூர். டாக்சி ஓட்டுநர் எங்களை ஒரு பெரிய மண் கூம்பின் முன் இறக்கிவிட்டார். தூரத்திலிருந்து பார்க்க, கவிழ்த்து வைத்த தேன்கூடு மாதிரி இருந்தது. எதிரில் ஷா அப்பாஸ் பெயர் கொண்ட பழைய வணிகர் சத்திரம். ஒட்டகக் கூட்டங்கள் வந்து தங்கிய இடம்.

"யக்சால்" என்றார் ஓட்டுநர். யக் என்றால் ஐஸ். சால் என்றால் பள்ளம். ஐஸ் பள்ளம்.

வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே சில்லென்று இருக்கிறது. காலடியில் ஆழமான வட்டப் பள்ளம், தலைக்கு மேலே குறுகிக்கொண்டே போகும் கூரை, உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு துளை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். சத்தம் சுவரெல்லாம் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. அதைப் பதிவு செய்துகொண்டேன்.

இந்த வெயிலில் ஐஸ் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் வெளியே இருந்த நீளமான, உயர்ந்த மண் சுவரில் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் சுவர். அதன் வடக்குப் பக்கத்தில் பகலெல்லாம் நிழல். அந்த நிழலில் ஆழமில்லாத தொட்டிகள் வெட்டி, குளிர்காலத்தில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பாலைவனத்துக் குளிர்கால இரவு கடுமையானது. மேகமில்லாத வானம் என்பதால் தண்ணீரின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். விடிவதற்குள் தண்ணீர் உறைந்திருக்கும். பகலில் வெயில் அதைத் தொடாமல் சுவர் பார்த்துக்கொள்ளும். உறைந்ததை உடைத்துப் பள்ளத்துக்குள் போட்டு, வைக்கோல் பரப்பி மூடுவார்கள். அது கோடைக்காலம் வரை கிடக்கும்.

கூம்பின் சுவர் அடியில் 2 மீட்டர் வரை தடிமனாக இருக்கும். மண், சுண்ணாம்பு, சாம்பல், ஆட்டு மயிர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துக் குழைத்த சாரூஜ் என்ற சாந்தால் பூசப்பட்டது. வெப்பமும் புகாது, தண்ணீரும் புகாது. தொட்டிக்குத் தண்ணீர் வந்தது கனாத் வழியாக. மலையடிவாரத்து நிலத்தடி நீரைப் பல கிலோமீட்டர் தூரம் சுரங்கக் கால்வாயில் கொண்டுவரும் ஏற்பாடு அது. மின்சாரம் இல்லை, எந்திரம் இல்லை. குளிர்காலத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் செலவழித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு. நம் மண்ணில் எந்த இரவிலும் தண்ணீர் உறையாது. எந்திரம் வரும்வரை நமக்கு ஐஸ் என்றால் கப்பல் சரக்குதான். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கப்பலில் அனுப்பினார்கள். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842இல் அந்த அமெரிக்க ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டதுதான். அதனால்தான் அந்த வட்டாரத்துக்கே ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்தது. சிங்கப்பூரில் 1854இல் வாம்போவா என்ற சீன வணிகர் ஐஸ் கிடங்கு தொடங்கினார். நம் முன்னோர்களில் எத்தனை பேர் அந்த ஐஸைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்! மெய்போத்தில் ஒட்டகக்காரனுக்கும் கோடையில் ஐஸ் கிடைத்திருக்கிறது.

"இப்போது உபயோகத்தில் இருக்கிறதா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். "எங்கள் வீட்டிலும் ஒரு யக்சால் இருக்கிறது" என்று கண்ணடித்தார். பாரசீகத்தில் இன்று யக்சால் என்றால் குளிர்பெட்டி. மண் கூம்பின் பெயரைச் சமையலறை மூலையில் நிற்கும் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தன் தாத்தா கிராமத்துக் கனாத்தில் இப்போது தண்ணீர் வருவதில்லை என்றார். ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் கீழே போய்விட்டதாம். ஐஸ் பள்ளத்தை மறுபடி நிரப்ப யாராவது ஆசைப்பட்டாலும், முதலில் தண்ணீர் வேண்டுமே.

ஷீராஸ் கடைத்தெரு

யாஸ்திலிருந்து ஷீராஸுக்குப் பேருந்து. வழியில் அபர்கூ என்ற ஊரிலும் ஒரு மண் கூம்பு தெரிந்தது. அதற்குள் எனக்கு அது பழகிய முகமாகிவிட்டது.

ஷீராஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹாபிஸ், சாதி என்ற இரு பெருங்கவிஞர்கள் அடங்கிய ஊர். 18ஆம் நூற்றாண்டில் கரீம் கான் ஸந்த் என்பவர் இதைத் தலைநகராக்கி ஆண்டார். தன்னை மன்னர் என்று சொல்லிக்கொள்ளாமல் மக்களின் "வக்கீல்" என்று சொல்லிக்கொண்டாராம். நம்மூர் வக்கீலும் அதே சொல்தான். அவர் கட்டிய கோட்டையும் வக்கீல் பஜாரும் இன்றும் ஊரின் நடுவில் நிற்கின்றன.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடை. வாசலில் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், கறுப்பு அங்கி அணிந்த பாட்டிமார்கள், தோளில் துணிமூட்டையோடு ஒரு பஜார் கூலி. எல்லார் கையிலும் ஒரு சின்னக் கிண்ணம். எங்கள் முறை வந்தது. கடைக்காரர் விலையைத் தோமானில் சொன்னார். என் கையில் இருந்த நோட்டில் ரியால் என்று போட்டிருந்தது. பத்து ரியால் ஒரு தோமான். நான் ஒரு சைபரைக் கூட்டவா கழிக்கவா என்று விழித்தேன். அவரே என் கையிலிருந்து சரியான நோட்டை எடுத்துக்கொண்டு, மீதியையும் எண்ணிக் கொடுத்தார்.

கிண்ணத்தில் இருந்தது வெள்ளை நூல் கண்டு மாதிரி ஒன்று. அதில் ரோஸ் நிறம் இல்லை. பால், ஐஸ்கிரீம், சப்ஜா விதை எதுவும் இல்லை. ஊர்ப் பெயரோடு சேர்த்து "ஃபாலூதே ஷீராஸி" என்கிறார்கள். முடி போல மெல்லிய மாவு இழைகள், பாதி உறைந்த சர்க்கரைப் பாகில் சிக்கிக் கிடக்கின்றன. மணம் மட்டும் நன்றாகத் தெரிந்த மணம். கல்யாண வீட்டு வாசலில் நம் மேல் தெளிப்பார்களே, அந்தப் பன்னீர். ஷீராஸ் இருக்கும் பார்ஸ் மாகாணத்தில் மெய்மந்த் என்ற ஊரும், வடக்கே காஷானுக்குப் பக்கத்தில் கம்சார் என்ற ஊரும் பன்னீருக்குப் பேர்போனவை. நாங்கள் போனது மே மாதம். ரோஜா பறித்துக் காய்ச்சும் பருவம்.

மேசை மேல் ஒரு பாட்டில். அதில் மங்கலான மஞ்சள் சாறு. பக்கத்தில் நின்ற பாட்டி, என் கிண்ணத்தைப் பார்த்து "ம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு, கேட்காமலேயே பாட்டிலை எடுத்து இரண்டு சுற்று ஊற்றினார்.

எலுமிச்சை!

பெரியவர் சொன்னது பொய்யில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். முதலில் குளிர், அடுத்து இனிப்பு, உடனே புளிப்பு. கடித்தால் இழைகள் நறுக்நறுக்கென்று உடைகின்றன. உறைந்த மாவு இழை இப்படிச் சத்தம் போடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி சாப்பிட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தோழி, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே எப்படிச் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தோம். மாவுப் பசையை, அதாவது ஸ்டார்ச்சை, தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சுகிறார்கள். சூட்டோடு துளைத் தட்டு வழியாக ஐஸ் தண்ணீருக்குள் பிழிகிறார்கள். தண்ணீரில் விழுந்ததும் இழைகள் இறுகிக்கொள்கின்றன. இடியாப்பம் பிழிவது போலத்தான், ஆனால் கீழே தட்டுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர். நம் செண்டோல் இழைகளும் இப்படித்தான் பிறக்கின்றன. பிறகு அவற்றைப் பாகில் சேர்த்து, உறைய உறையக் கிளறுகிறார்கள். சர்க்கரை கலந்த தண்ணீர் முழுக் கட்டியாக எளிதில் உறையாது. அதனால்தான் கரண்டி இறங்குகிற பதத்தில் நிற்கிறது. இன்று எந்திரம் செய்யும் வேலையை அந்தக் காலத்தில் ஐஸும் உப்பும் செய்தன. ஐஸில் உப்பைக் கலந்தால் அதன் குளிர் உறைநிலைக்கும் கீழே போகும். அந்தக் கலவையின் நடுவில் பாத்திரத்தை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருக்கும் பாகு உறையும்.

எலுமிச்சை பிடிக்காதவர்களுக்கு ஆல்பாலூ என்ற புளிப்புச் செர்ரிப் பழச் சிரப் உண்டு. கேர்மான் பக்கம் போனால் இழைக்குப் பதில் குட்டிக் குட்டி மணிகளாகச் செய்து, சப்ஜா விதை போட்டுத் தருவார்களாம். நம் குவளையின் அடியில் கிடக்கும் விதைக்கும் அங்கே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்!

பெயர் போன பாதை

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த குறிப்புகளைப் புரட்டினேன். பாரசீகத்தில் பாலூதன் என்றால் வடிகட்டுவது, சுத்தப்படுத்துவது. பாலூதே என்றால் வடிகட்டப்பட்டது. ஈரானில் பலர் இன்றும் "பாலூதே" என்றே சொல்கிறார்கள்.

அரபு மொழியில் "ப" ஒலி கிடையாது. பாரசீகப் பெயர் அரபுக்குப் போனபோது ஃபாலூதஜ் ஆயிற்று. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இதற்குப் பல செய்முறைகள் உண்டு. ஆனால் அது குளிர்ந்த பண்டமே இல்லை. ஸ்டார்ச்சோடு தேன் அல்லது சர்க்கரை, எண்ணெய் சேர்த்து அடுப்பில் கிண்டி எடுக்கும் பண்டம். நம் அல்வாவுக்குத்தான் அது பக்கத்து வீடு.

அதைப் பற்றி ஒரு கதை உண்டு. அபூ யூசுப் தந்தையை இழந்த ஏழைச் சிறுவன். துணி வெளுப்பவரிடம் வேலைக்குச் சேர்த்தால், அவன் ஓடிப்போய் இமாம் அபூ ஹனீபாவின் பாடத்தில் உட்கார்ந்துவிடுவான். தாய் வந்து சண்டை போட்டாள். "உன் மகன் பிஸ்தா எண்ணெயில் செய்த ஃபாலூதஜ் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறான்" என்றாராம் இமாம். கிழவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே போனாள் அவள். ஆண்டுகள் உருண்டன. அந்தச் சிறுவன் ஹாரூன் அல் ரஷீதின் தலைமை நீதிபதி ஆனான். ஒருநாள் கலீபாவின் விருந்து மேசையில் அவன் முன்னால் வந்தது, பிஸ்தா எண்ணெயில் செய்த ஃபாலூதஜ். அபூ யூசுப் சிரித்துவிட்டாராம். ஏழையின் கைக்கு எட்டாத பண்டமாக அது இருந்த காலத்தின் கதை இது. ஷீராஸ் கடையில் பஜார் கூலி கையில் கிண்ணத்தோடு நின்றதை நினைத்துக்கொண்டேன்.

ஆக, காலம் கடந்து வந்தது பெயரும் ஸ்டார்ச்சும்தான். சூடான கிண்டல் ஓரிடத்தில், உறைந்த இழை ஓரிடத்தில், பால் குவளை வேறோர் இடத்தில்.

பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே மன்னர்களும் வணிகர்களும் சமையல்காரர்களும் போய் வந்துகொண்டே இருந்தார்கள். முகலாய மன்னர் ஹுமாயூன் 1544இல் ஈரானில் அடைக்கலம் புகுந்து, பிறகுதான் டில்லியை மீட்டார். அவர் மகன் அக்பர் காலத்தில் வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிர்வித்ததையும், மலையிலிருந்து லாகூருக்கு ஐஸ் வந்ததையும் அபுல் பசல் "ஆயினே அக்பரி"யில் எழுதி வைத்திருக்கிறார். ஈரானிலிருந்து குஜராத்துக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த பார்சிகள், இன்றும் நவ்ரோஸ் புத்தாண்டில் பலூடா அருந்துகிறார்கள். இந்திய மண்ணில் பண்டத்தோடு பால் சேர்ந்தது. பால் வந்த இடத்தில் எலுமிச்சை இருக்க முடியாது, திரிந்துவிடும். பெரியவரிடம் நான் கேட்ட முட்டாள் கேள்வியிலேயே பாதி வரலாறு இருந்திருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. அரபு "ப"வை "ஃப" ஆக்கியது. இந்தியா வழியாக ஃபலூடா நம் மாமாக் கடைக்கு வந்தது. நம் வாயில் அது பலூடா. ஆயிரம் ஆண்டுக்கு மேல் சுற்றிவிட்டு, முதல் எழுத்து மறுபடி "ப" ஆகிவிட்டது.

ஒலிபரப்பில் ஒரு மன்னிப்பு

நாடு திரும்பிய வாரமே நிகழ்ச்சியில் தவற்றை ஒப்புக்கொண்டேன். மும்பையின் பலூடா மும்பைக்குச் சொந்தம்தான், ஆனால் தாய்வீடு ஈரான் என்று சொன்னேன். முதலில் மெய்போத் ஐஸ் பள்ளத்தில் கைதட்டிய சத்தத்தை ஒலிக்கவிட்டேன். பிறகு ஷீராஸ் கடையின் இரைச்சல். அதற்குப் பிறகு, பேச்சில்லாமல், ஐந்தாறு வினாடிக்கு அந்த நறுக்நறுக். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, என்ன இது என்று கையை விரித்தார்.

தொலைபேசி மினுங்கியது. பெரியவர்தான். எடுத்ததும் சற்று நேரம் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. காதுல விழுந்துச்சு. அதே சத்தம்தான்." கொஞ்சம் இருமினார். "என்னைக் கூட்டிட்டுப் போனவன் இப்ப உசுரோட இருக்கானான்னுகூடத் தெரியாது. அந்தக் கடை வாசல்ல நாங்க ரெண்டு பேரும் நின்னு சாப்பிட்டோம். காசு அவன்தான் குடுத்தான்."

என்ன சொல்வதென்று தெரியாமல், "எலுமிச்சை இருக்கு ஐயா. நான் பாத்துட்டேன்" என்றேன்.

"பழத்தைப் பிழிஞ்சாங்களா, பாட்டில்ல இருந்துச்சா?"

"பாட்டில்ல ஐயா."

"ம்... எங்க காலத்துல பழமாவே பிழிஞ்சு குடுத்தான்" என்றார், தோற்றுப்போகாத குரலில். "சரி, பாட்டைப் போடும்மா."